கிளப்புக்கு வருஷ பிளான் போட்ட விதம்: முதல்ல ஏலாத நாளுகளை வெட்டினோம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில இருக்கிற எங்கட இளைஞர் கிளப்புக்கு இந்த முறை வருஷ புரோகிராம் போடுற வேலை என்னட்டயும் செக்ரட்டரி தங்கச்சியிட்டயும் பொருளாளர் அண்ணாட்டயும் வந்திச்சு. வெள்ளவத்தைப் பக்கமும் மட்டக்குளிப் பக்கமும் கிளப் நடத்துற சில பேர் எப்பிடிப் போட்டீங்க எண்டு கேட்டபடியா, செஞ்ச மாதிரியே எழுதி வைக்கிறேன், யாருக்கும் உதவினா சந்தோஷம்.

வழமையா என்ன நடக்கும் எண்டா ஜனவரில கமிட்டி கூடும், ஆளாளுக்கு ஐடியா சொல்லுவாங்க, ட்ரிப் போவோம், கிரிக்கெட் டூர்னமென்ட் வைப்போம், ரத்த தான முகாம் வைப்போம், அதெல்லாத்தையும் மாசத்துக்கு ஒண்டா அடுக்கி எழுதினா பிளான் ரெடி. பாக்க வடிவா இருக்கும், ஆனா அந்த நாள்ல பிள்ளைகளுக்கு வர ஏலுமா எண்டு யாரும் பாத்திருக்க மாட்டாங்க. அதால இந்த முறை ஐடியா ஒண்டையும் தொடல்ல. எங்கட மெம்பர்ஸ் ஒரு 40 பேர் மட்டில, அவங்க எந்தெந்த நாள் வர ஏலாது எண்டத மட்டும்தான் முதல்ல சேத்தோம்.

புறக்கோட்டை மலிபன் வீதிக்குப் போய் டிமை தாளும் (பெரிய சார்ட் தாள்) கலர் கலரா பிளாட்டிக்னம் பேனையும் (தடிச்சு எழுதுற மை பேனை) வாங்கிட்டு வந்து, தாள்களை ஒட்டி நீளமா ஒரு சார்ட் செஞ்சோம். ஒரு கிழமைக்கு ஒரு வரி, ஒவ்வொரு வரியிலயும் மூண்டு பெட்டி: சனி, ஞாயிறு, அந்தக் கிழமையில வாற போயா (பௌர்ணமி லீவு) இல்லாட்டி வேற லீவு. ஃபோனில ஷீட் போட்டா லேசுதானே எண்டு கேப்பீங்க, அதுவும் வச்சிருக்கிறோம், ஆனா சுவரில தொங்கிற சார்ட்டைத்தான் கரம் போர்ட் விளையாட வாற பிள்ளைகளும் நிண்டு பாத்து "அண்ணே இந்த நாள் எங்கட ஸ்கூல் மீட் இருக்கு" எண்டு சொல்லும். வாட்ஸ்அப்பில போட்ட ஷீட்டை அப்பிடி யாரும் திறந்து பாக்கிறதில்ல.

சிவப்புப் பேனைதான் முதல்ல எடுத்தது. சோதனை, அதாவது பரீட்சை. முந்தி இது லேசு, ஏ.எல் (உயர்தரம்) ஆகஸ்டில, ஓ.எல் (சாதாரண தரம்) டிசம்பரில எண்டு கண்ணை மூடிட்டு எழுதலாம். கொரோனாவுக்குப் பிறகு எல்லாம் இடம் மாறிட்டுது, 2023க்குரிய ஏ.எல் 2024 ஜனவரில நடந்திச்சு, 2024க்குரியது அதே வருஷம் நவம்பர்ல துவங்கிச்சு, ஓ.எல்லும் மே, மார்ச் எண்டு அலைஞ்சிச்சு. அதால பழைய சார்ட்டைப் பாத்துக் கொப்பி அடிக்கவே கூடாது, பரீட்சைத் திணைக்களம் அறிவிச்ச திகதியை மட்டும் எடுக்கோணும், அறிவிக்காட்டி பென்சிலால போட்டு வைக்கோணும். சோதனை நாளை மட்டும் வெட்டினாப் போதாது, அதுக்கு முன்னால ரெண்டு மாசமாவது அந்த பேட்ச் பிள்ளைகள் டியூஷன் செமினார் எண்டு ஓடிட்டு இருப்பாங்க. அவங்களுக்கு நாங்க ஒரு ரூல் வச்சோம்: சோதனை வருஷத்தில இருக்கிறவங்களுக்கு பொறுப்பு ஒண்டும் இல்ல, வந்து விளையாடலாம், சாப்பிடலாம், போகலாம். இதை வாயால சொல்லாம பெற்றோருக்கு கடிதமாவே குடுத்தோம், அதுக்குப் பிறகு "கிளப்புக்குப் போனா படிப்புக் கெடும்" எண்டு சொல்லிட்டிருந்த அம்மாமார் பலபேர் பிள்ளைகளை விடத் துவங்கினாங்க.

அடுத்தது பச்சை, சமயம். கொட்டாஞ்சேனை எண்டா தெரியும்தானே, ஒரே ஒழுங்கையில சைவ வீடு, கத்தோலிக்க வீடு, முஸ்லிம் வீடு. தைப்பொங்கல், சிவராத்திரி, நோன்பு, தபசு காலம், சித்திரை வருஷம், வெசாக், ஆடிவேல், நவராத்திரி, கந்தசஷ்டி, தீபாவளி, நத்தார், எல்லாத்தையும் போட்டா சார்ட் பச்சைப்பசேல் எண்டு ஆயிடும், பயந்திடாதீங்க. எல்லாம் ஒரே மாதிரித் தடை இல்ல. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலயிருந்து பம்பலப்பிட்டிக்குப் போற நாள் எங்கட பெடியன்கள் பாதிப்பேர் றோட்டிலதான் நிப்பாங்க, அண்டைக்கு ஒண்டும் வைக்கேலாது. ஆனா சஷ்டி விரதகாரருக்கு சாப்பாடு வேணாமே தவிர ஹோல்ல இருந்து கதைக்கிற புரோகிராம் எண்டா வருவாங்க. அதால முழுசா வெட்டின நாளுக்கு பெட்டியை நிரப்பினோம், பாதித் தடைக்கு மூலையில ஒரு பச்சைக் கோடு மட்டும்.

நோன்பு விஷயம் கவனமாப் பாக்கோணும், ஏன்னா அது பிறைக் கணக்கு, ஒவ்வொரு வருஷமும் 10, 11 நாள் முன்னுக்கு வரும், போன வருஷ மாசத்தை நம்பி கிரிக்கெட் டூர்னமென்ட் வச்சா தண்ணி கூடக் குடிக்காம ஒரு பிள்ளை வெயில்ல நிண்டு பந்து போடும். எங்களிட்ட முஸ்லிம் மெம்பர்ஸ் கொஞ்சப்பேர்தான், ஆனா கொஞ்சப்பேர் எண்டதுக்காக அவங்களைத் தவிர்த்து ஒரு மாசம் ஓடுறது சரியில்ல எண்டுதான் நாங்க மூண்டு பேரும் முடிவெடுத்தோம், அந்த மாசம் பகல் விளையாட்டு ஒண்டும் இல்ல.

ஏப்ரல் 21 ஒரு கொண்டாட்டமும் வைக்காத நாள். 2019ல கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல நடந்த குண்டுவெடிப்பை இந்த ஏரியாவில யாருக்கும் விளக்கத் தேவையில்ல, பெட்டியைக் கறுப்பால நிரப்பிட்டு அடுத்த வரிக்குப் போனோம்.

நீலம் மழைக்கு. கொழும்பில மே கடைசியிலயிருந்து தென்மேற்குப் பருவமழை, பிறகு ஒக்டோபர் நவம்பரில பின்னேரத்தில இடியோட கொட்டும் மழை. 2016 மே மாசம் களனி கங்கை பெருகினப்ப கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள்ள தண்ணி வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இந்த மாசங்கள்ல மைதானத்தை நம்பி ஒண்டும் வைக்கேல்ல, கூரைக்குக் கீழ நடக்கிறது மட்டும்.

மஞ்சள்தான் எனக்கு நிறையப் படிப்பிச்சது. வேலை செய்ற பிள்ளைகள். எங்கட மெம்பர்ஸ்ல மூண்டில ஒரு பங்கு புறக்கோட்டைக் கடைகள்லயும் செட்டியார் தெரு நகைக்கடைகள்லயும் நிக்கிறவங்க. அவங்களுக்கு சனிக்கிழமை எண்டா கடையில கூட்டமான நாள், சித்திரை வருஷம், நோன்புப் பெருநாள், தீபாவளி, நத்தார் எல்லாத்துக்கும் முன்னால ஓவர்டைம். ஒரு தம்பி சொன்னான், "அண்ணே நீங்க சனிக்கிழமை வைக்கிற ஒண்டுக்கும் நான் வந்ததே இல்ல, போட்டோவிலதான் பாத்திருக்கிறன்" எண்டு. சிவப்பையும் பச்சையையும் கமிட்டியில இருக்கிறவங்களே ஊகிச்சுப் போட்டிடலாம், மஞ்சளை மட்டும் ஆளைக் கேக்காமப் போட ஏலாது.

எல்லாக் கலரும் போட்டு முடிஞ்ச பிறகு சார்ட்டைத் தள்ளி நிண்டு பாத்தா வெள்ளையா மிஞ்சினது எது தெரியுமா? ஞாயிறு பின்னேரம் 3 மணிக்கும் 6 மணிக்கும் இடையில. ஞாயிறு காலையில பூசை, அறநெறிப் பாடசாலை, டியூஷன். சனி முழுக்க கடை, கிளாஸ். ராத்திரி வச்சா பொம்பிளைப் பிள்ளைகளை வீட்டில விடமாட்டாங்க. ஆக இந்த மூண்டு மணித்தியாலம்தான் எல்லாருக்கும் பொதுவானது, அதோட புறக்கோட்டைக் கடைகள் பூட்டியிருக்கிற போயா நாளுகள் சிலதும். அதுக்குப் பிறகு பிளான் போடுறது பெரிய வேலையா இருக்கல்ல, மூண்டு மணித்தியாலத்துக்குள்ள நடக்கக்கூடியதா எண்டு ஒரு கேள்விதான், அதில நிக்காத ஐடியா எல்லாம் தானா விழுந்திச்சு.

இனி உள்ள என்ன வச்சோம் எண்டு சொல்றேன்.

டெங்குதான் பெரிசு. ஜூன் 5 சுற்றாடல் தினம் வருது, ஒரு சிரமதானம் செஞ்சு பேனர் பிடிச்சு போட்டோ எடுத்தா முடிஞ்சிச்சு எண்டுதான் எல்லா கிளப்பும் எழுதும். ஆனா நுளம்பு முட்டையிலயிருந்து பறக்கிற வரைக்கும் ஏறத்தாழ 8, 10 நாள்தான் எடுக்கும், ஆக ஒரு நாள் மட்டும் கூட்டித் துடைச்சா ரெண்டு கிழமைக்குள்ள பழைய நிலைமைதான். அதோட முட்டை தண்ணிக்குள்ள இல்ல, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல பாத்திரத்தின்ட சுவரில ஒட்டியிருக்கும், தண்ணியை ஊத்திட்டாலும் காஞ்சபடி மாசக்கணக்கில உயிரோட கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். 2017ல இலங்கை முழுக்க 186,000க்கு மேல டெங்கு நோயாளர் பதிவானாங்க, அந்த வருஷம் எங்கட ஒழுங்கையில வீட்டுக்கு ஒரு ஆளாவது ஆஸ்பத்திரிக்குப் போனது எனக்கு நல்லா ஞாபகம். அதால ஒரு நாள் சிரமதானத்தை எடுத்திட்டு, மே நடுப்பகுதியிலயிருந்து ஜூலை கடைசி வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அரை மணித்தியாலச் சுற்று எண்டு போட்டோம். ரெண்டு ரெண்டு பேரா, ஒரு ஆள் அந்த ஒழுங்கையிலயே இருக்கிறவரா இருக்கோணும், வீட்டுக்காரர் கதவைத் திறக்கிறதுக்கு அதுதான் வழி. பாக்கிற இடங்களை ஒரு சின்னத் தாள்ல அடிச்சுக் குடுத்திருக்கிறோம்: ஃபிரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு, மணிபிளான்ட் போத்தல், ஏசித் தண்ணி விழுற வாளி, கூரைப் பீலி, மொட்டைமாடி டாங்கி மூடி, பழைய டயர். ஊத்தினாப் போதாது, பிரஷ் போட்டு உரசோணும் எண்டது தடிச்ச எழுத்தில. அரை மணித்தியாலம் முடிஞ்ச கையோட ஹோலுக்கு வந்து கரம் ஆடலாம், மழைக்காலத்துக்கு இதை விடப் பொருத்தமான ஜோடி கிடையாது.

ரத்த தான முகாம். உலக இரத்ததானிகள் தினம் ஜூன் 14, கார்ல் லான்ட்ஸ்டெய்னர் பிறந்த நாள், ரத்த வகைகளைக் கண்டுபிடிச்சவர். எல்லாரும் அந்த நாளுக்குத்தான் வைக்கச் சொன்னாங்க. சார்ட்டைப் பாத்தா ஜூன் 13 அந்தோனியார் பெருநாள், அதுக்கு முன்னால நவநாள், பெருநாள் ராத்திரி நித்திரை இல்லாம திருச்சொரூப பவனியோட நடந்த பெடியன்களை அடுத்த நாள் காலையில ரத்தம் குடுக்கக் கூப்பிடுறது நல்லதில்ல. அதால ஓகஸ்ட் 12 சர்வதேச இளைஞர் தினத்துக்குக் கிட்ட வாற ஞாயிறுக்கு மாத்தினோம், அதுவும் ஐநா 1999ல அறிவிச்ச நாள்தான், பேனருக்கு ஒரு குறையும் இல்ல. இங்க ரத்தம் குடுக்க 18 முடிஞ்சிருக்கோணும், 60க்குள்ள இருக்கோணும், நிறை 50 கிலோவுக்கு மேல, போன தரம் குடுத்து நாலு மாசம் கழிஞ்சிருக்கோணும். இதை எழுதிப் பாத்தா எங்கட கிளப்பில பாதிப்பேருக்கு வயசு காணாது, ஆக முகாம் எண்டா மெம்பர்ஸ் படுத்து ரத்தம் குடுக்கிறது மட்டும் இல்ல, 18க்குக் குறைஞ்சவங்க பெயர் பதியுறது, தேத்தண்ணி பிஸ்கட் குடுக்கிறது, ஒவ்வொருத்தரும் தங்கட வீட்டிலயிருந்து ஒரு பெரிய ஆளைக் கூட்டிட்டு வாறது எண்டு வேலை பிரிச்சோம். நாரஹேன்பிட்டியில இருக்கிற தேசிய ரத்த நிலையத்துக்கு நல்லா முந்தியே கடிதம் குடுக்கோணும், எத்தனை பேர் வருவாங்க, படுக்கை போட இடம் இருக்கா, காத்தோட்டம், கழுவுற வசதி எல்லாம் கேப்பாங்க.

ட்ரிப்புக்கு பெரிய வாக்குவாதம் நடந்திச்சு. பஸ் பிடிச்சு ரெண்டு நாள் போறதெண்டா வேலை செய்ற பிள்ளைகளுக்கு லீவு இல்ல, காசும் ஆளுக்கு நிறைய வரும், கையில காசில்லாத பிள்ளை "எனக்கு அண்டைக்கு வேலை இருக்கு" எண்டு சொல்லிட்டு ஒதுங்கிடும், இது எல்லா கிளப்பிலயும் நடக்கிறது, யாரும் வெளிய கதைக்கிறதில்ல. அதால எங்கட ஏரியாவையே நடந்து பாக்கிறது எண்டு ஒரு ஞாயிறு பின்னேரம் வச்சோம். கொச்சிக்கடைக் கோயில்ல துவங்கி, பக்கத்தில பொன்னம்பலவாணேசர் கோயில், 1857ல பொன்னம்பல முதலியார் கட்டினது, பிறகு அவர்ட மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால திருப்பிக் கட்டினது. அங்கயிருந்து ஏறினா வுல்பெண்டால் தேவாலயம், ஒல்லாந்தர் 1749ல துவங்கி 1757ல திறந்தது, தரையில முழுக்க எழுத்துச் செதுக்கின கல்லறைக் கற்கள். பிறகு செட்டியார் தெரு வழியா இறங்கி இரண்டாம் குறுக்குத் தெரு சிவப்புப் பள்ளிவாசல், 1908, 1909ல கட்டினது. ஞாயிறு எண்டபடியா லொறி இல்ல, மூட்டை சுமக்கிற நாட்டாமைமார்ட வண்டி இல்ல, றோட்டு நடுவில நிண்டு மேல பாக்கலாம். நாலு இடத்துக்கும் முந்தியே போய் அனுமதி கேட்டு நேரம் எடுத்து வைக்கோணும், உடுப்பும் அதுக்கேத்த மாதிரி. ஒவ்வொரு இடத்திலயும் அந்தச் சமயத்துப் பிள்ளையே மத்தவங்களுக்கு விளக்கம் சொல்றது, வெளிய ஆள் தேவையில்ல. இவ்வளவு கிட்ட இருந்தும் ஒருத்தர்ட இடத்துக்குள்ள மத்தவர் காலடி வைக்காம வளர்ந்த பிள்ளைகள் எங்களிட்ட நிறைய, எனக்கு இந்த வருஷ பிளான்ல மனசுக்கு மிச்சம் பிடிச்ச பெட்டி இதுதான்.

செப்டம்பர்ல கடற்கரைச் சுத்திகரிப்பு, உலகம் முழுக்க மூண்டாவது சனிக்கிழமை செய்றது, 1986ல அமெரிக்காவில டெக்சாஸ் கரையில துவங்கினது. எங்களுக்கு சனி சரிவராது, அதால அடுத்த நாள் ஞாயிறு, காக்கைத்தீவுக் கடற்கரையில. இதில பொறுக்கிறதோட நிக்காம என்ன குப்பை எத்தனை எண்டு எண்ணி எழுதோணும், அதுதான் இந்த வேலையின்ட உயிர். 2021ல எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிஞ்சு கரை முழுக்க ஒதுங்கின பிளாஸ்டிக் குருணியை நேர பாத்த பிள்ளைகள் இப்ப பெரிய வகுப்பில, அவங்களைக் கொண்டே சின்னாக்களுக்கு சொல்ல வைக்கிறோம்.

மிச்சம் சுருக்கமா. சித்திரைக்கு கயிறிழுத்தல், தலையணைச் சண்டை, யானைக்குக் கண் வைக்கிறது, ஒலிபெருக்கிக்கு பொலிஸ் அனுமதி மறக்காம எடுக்கோணும். மார்ச் மாசம் முதலுதவி வகுப்பு, அதில 1990 எண்ட இலக்கத்தில சுவசெரிய அம்புலன்ஸுக்கு எப்பிடிக் கோல் எடுத்து இடத்தைச் சரியா சொல்றது எண்டு ஒழுங்கைப் பேரோட பழக்கிறது கட்டாயம். டிசம்பர்ல கரோல், முதியோர் இல்லம்.

காசு. மாசச் சந்தா 100 ரூபா எங்கட கிளப்பில, வேலை செய்றவங்க கூடப் போடுவாங்க, படிக்கிறவங்க ஏலுமானதைப் போடுவாங்க, யார் எவ்வளவு போட்டாங்க எண்டது பொருளாளருக்கு மட்டும் தெரியும், போர்ட்ல ஒட்டுறதில்ல. பேங்க் கணக்கில ரெண்டு பேர் கையெழுத்து. வாற காசில பத்தில ஒரு பங்கை தொடாம வைக்கிறோம். கடைக்காரரிட்ட ஸ்பொன்சர் கேக்கப் போறதெண்டா பெப்ரவரியிலயே போங்க, தீபாவளி சீசன்ல போனா முதலாளிக்கு நிமிர்ந்து பாக்கவும் நேரம் இல்ல. காசாக் கேக்காம பொருளாக் கேட்டா இன்னும் லேசு, ஒருத்தர் தேத்தண்ணி, ஒருத்தர் கையுறையும் உரப்பையும், ஒருத்தர் டீஷேர்ட். குடுக்கிறவருக்கும் தன்ட சாமான் எங்க போகுது எண்டு கண்ணால தெரியும்.

பொம்பிளைப் பிள்ளைகள் விஷயம் செக்ரட்டரி தங்கச்சி பிடிவாதமா நிண்டு செஞ்சது, அவ சொன்னதை அப்பிடியே எழுதுறேன்: "அண்ணா, எத்தனை மணிக்குத் துவங்குது எண்டு எங்கட அம்மா கேக்க மாட்டா, எத்தனை மணிக்கு முடியுது, யார் கூட்டிட்டு வந்து விடுறது எண்டுதான் கேப்பா." அதால எல்லா புரோகிராமிலயும் துவங்கிற நேரத்துக்கு முன்னால முடியிற நேரத்தை எழுதுறோம், 6 மணி எண்டா 6 மணி, பரிசளிப்பு மிஞ்சினா அடுத்த கிழமை. 18க்குக் குறைஞ்ச எல்லாருக்கும் பெற்றோர் கையெழுத்து, வெளிய போறப்ப கமிட்டியில ஒரு அக்காவும் ஒரு அண்ணாவும் கட்டாயம், ஹோல் சுவரில 1929 சிறுவர் உதவி இலக்கம் பெரிசா ஒட்டியிருக்கு.

கடைசியா ஆள் பொறுப்பு. ஒவ்வொரு பெட்டிக்கும் ரெண்டு பேர், ஒருத்தர் முந்தி செஞ்சவர், ஒருத்தர் புதுசு. கமிட்டி ஆக்களுக்கு ரெண்டு பெட்டிக்கு மேல இல்ல, நல்லா வேலை செய்றான் எண்டு ஒருத்தன்ட தலையிலயே எல்லாத்தையும் கட்டினா அவன் ஜூலையோட கிளப்புக்கு வாறதை விட்டிடுவான். அந்த ரெண்டு பேரும் புரோகிராம் முடிஞ்ச கிழமைக்குள்ள சீஆர் கொப்பியில (தடிச்ச மட்டைக் கொப்பி) ஒரு பக்கம் எழுதோணும்: ஹோல் சாவி யாரிட்ட, அனுமதிக்கு எந்த ஒபிஸில எந்த மேசை, எத்தனை பேர் வந்தாங்க, அதில பொம்பிளைப் பிள்ளைகள் எத்தனை, வேலை செய்றவங்க எத்தனை, சாப்பாடு மிஞ்சினதா காணாமப் போனதா, காசு எவ்வளவு. வடிவா எழுதத் தேவையில்ல, அடுத்த கமிட்டிக்கு விளங்கினாப் போதும்.

ஒக்டோபர்லயும் நவம்பர்லயும் ரெண்டு ஞாயிறை வேணுமெண்டே வெறுமையா விட்டிருக்கிறோம். மழை வெள்ளம் எண்டா களனிக் கரைப் பக்கம் போய் உதவ ஆள் வேணும், ஒண்டும் இல்லாட்டி மழையில தள்ளிப் போனதை அங்க வைக்கலாம். கமிட்டியில ஒருத்தர் "வெறும் பெட்டி பாக்க நல்லா இல்ல, ஒரு குவிஸ் போட்டியாவது போடுங்க" எண்டு கேட்டார், வேணாம் எண்டு சொல்லி பென்சிலால "வெள்ளம் / தள்ளினது" எண்டு மட்டும் எழுதியிருக்கிறோம்.

வேற கிளப்காரங்க இதே மாதிரிச் செய்யப் போறீங்க எண்டா எங்கட சார்ட்டைப் பாத்து எழுதாதீங்க, உங்கட ஏரியா மஞ்சள் வேற மாதிரி இருக்கும். வெள்ளவத்தையில எண்டா கடைப் பிள்ளைகளை விட கெம்பஸ், ஐடி வேலை எண்டு சனி லீவுள்ள ஆக்கள் கூட இருப்பாங்க, மட்டக்குளியில எண்டா கடலுக்குப் போற வீடுகள் இருக்கு, ஹாபர்ல ஷிஃப்ட் வேலைக்குப் போறவங்க இருக்கிறாங்க. ஆளாளாப் போய் "எந்த நாள் உங்களுக்கு ஏலாது" எண்டு கேட்டு அந்தக் கலரை முதல்ல போடுங்க.